நிற்க மறுத்த எஞ்சின்

சுவரில் மோதிக் கிடக்கும் விமானத்தைப் பார்க்க ஸ்கூட்டரில் போய் இறங்குகிற வயது தனக்குக் கடந்துவிட்டது என்று றுஸ்தாவுக்குப் பட்டது. கல்முனையிலிருந்து நிந்தவூர் வரை கேதீஸ்வரியின் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்ததில் முழங்கால் இரண்டும் கல்லாகியிருந்தன. இறங்கியவள் உடனே நடக்கவில்லை. ஸ்கூட்டரின் சீற்றைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

"முழுசா இறங்கிட்டீங்களா ராத்தா, இல்ல பாதிதானா?" என்றாள் கேதீஸ்வரி.

"பாதிதான். மத்தப் பாதி காரைதீவுச் சந்தி றோட்டுக் குழிக்குள்ள விழுந்திட்டு."

"போகக்குள்ள பொறுக்கிக்குவம்."

றுஸ்தா ஒரு காப்புறுதிக் கம்பனிக்கு வாகன விபத்துகளை மதிப்பிடும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்தவள். நசுங்கிய பம்பரைப் பார்த்தாலே ஓட்டியவன் எந்த இடத்தில் பொய் சொல்லப்போகிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். வேலையை விட்ட பிறகு, பொலிஸுக்குப் போக விரும்பாதவர்களும் பொலிஸுக்குப் போய்க் களைத்தவர்களும் அவளிடம் வரத் தொடங்கினார்கள். பாண்டிருப்பில் ஸ்டூடியோ வைத்து நட்டப்பட்ட கேதீஸ்வரி கூடச் சேர்ந்துகொண்டாள். படம் பிடிப்பது, ஸ்கூட்டர் ஓட்டுவது, வாயடிப்பது மூன்றும் அவள் பொறுப்பு. மூன்றாவதுக்குச் சம்பளம் கிடையாது.

இன்றைக்கு வரச்சொன்னவள் ஸம்ஸியா. பட்டறை வாசலுக்கு வெளியே, வேப்பமர நிழலில் நின்றுகொண்டிருந்தாள். அழுது முடித்த முகம்.

"குணம் அண்ணன வெளியில எடுத்துத் தாங்க ராத்தா. அவரு செய்யல்ல. நாளைக்குக் கோட்டுக்குக் கொண்டுபோறாங்களாம்."

"செய்யல்ல எண்டு எப்பிடித் தெரியும்?"

"தெரியும்" என்றாள் ஸம்ஸியா. அந்தச் சொல் பாதிக்குரலில்தான் வந்தது.

நடந்தது இதுதான். ஸம்ஸியாவின் கணவன் ஸப்ரி, பைபர் படகு கட்டுகிறவன். ஒலுவில் துறைமுகத்தில் நிற்கிற படகுகளில் பல அவன் கையால் பிறந்தவை. படகு கட்டிய கைக்கு ஆகாய ஆசை வந்து, அதே பட்டறையில் இரண்டு பேர் இருக்கக்கூடிய சின்ன விமானம் ஒன்றைக் கட்டத் தொடங்கினான். வயரிங் வேலை முழுக்க வீரமுனைக் குணத்துடையது. வளைகுடாவில் விமானக் கொட்டகை ஒன்றில் மின்வேலை பார்த்துத் திரும்பியவன் அவன். நேற்றுச் சனிக்கிழமை காலை ஸப்ரி தனியே எஞ்சினை முடுக்கிப் பார்த்தான். எஞ்சின் ஒரேயடியாக வேகமெடுத்து, சில்லுக்கு வைத்த மரக்கட்டையைத் தாண்டி, விமானம் எதிர்ச் சுவரில் அடித்தது. ஸப்ரிக்குக் கால் முறிந்தது. தம்பி ஜவாத் ஓடிவந்து பார்த்தபோது எஞ்சினில் இருக்கவேண்டிய தடித்த ஏர்த் வயர் ஒன்றைக் காணவில்லை. முதல்நாள் பின்னேரம்தான் ஸப்ரியும் குணமும் தெருவுக்கே கேட்கச் சண்டை பிடித்திருந்தார்கள். ஜவாத் நேரே பொலிஸுக்குப் போனான். இரவாவதற்குள் குணம் உள்ளே.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தேநீர்க் கடைகளில் அது இரண்டு கூட்டாளிகளின் கதையாக இல்லாமல், நிந்தவூர் முஸ்லிம்களின் கதையும் வீரமுனைத் தமிழர்களின் கதையுமாகப் பிரிந்துகொண்டிருந்தது. அப்படிப் பிரிகிற கதைகள் எங்கே போய் முடியும் என்பதைப் பார்த்த வயது றுஸ்தாவுக்கு. அந்த நினைப்பே அவளைக் களைக்கவைத்தது.

"நீங்க உள்ள வரல்லயா தங்கச்சி?"

"பட்டறைக்குள்ள நான் போறல்ல ராத்தா. அந்தப் பிசின் மணம் எனக்குத் தலையிடி. செம்பு எண்டா இரும்புக் கடையில நல்ல வெல போகுமாமே. ஆரும் கள்ளன் அந்தச் சடையக் கழட்டிக்கிட்டுப் போயிரிப்பான். அங்க விசாரிச்சுப் பாருங்களன்."

"பாப்பம்" என்று றுஸ்தா உள்ளே போனாள்.

வெள்ளை விமானம் சுவரோடு மூக்கை நசுக்கிக்கொண்டு கிடந்தது. சுழலி இரண்டாகப் பிளந்திருந்தது. ஜவாத் ஏற்கெனவே உள்ளே நின்றான். கையைக் கட்டிக்கொண்டு சுவரைக் காட்டினான். கறுப்பு மையால் பெரிய படம் வரைந்திருந்தது. எஞ்சின், பெற்றரி, ரேடியோ, விளக்கு என்று எல்லாவற்றிலிருந்தும் கோடு புறப்பட்டு, ஒரேயொரு இடத்தில் வந்து கூடியது.

"குணத்திட பிளான். எல்லா ஏர்த்தும் ஒரு போல்ட்டில வந்து சேரவேணுமாம். இத வரையிறதுக்கே கிழமைக்கணக்கா யோசிச்சவன்."

"ஒரு புள்ளிக் கோலம்" என்றாள் கேதீஸ்வரி. "எங்கட அம்மாக்கு இது தெரிஞ்சிருந்தா மார்கழியில அரைவாசி மா மிச்சம்."

ஜவாத் சிரிக்கவில்லை. "கழட்டத் தெரிஞ்சவன் அவன்தானே ராத்தா? வேற ஆருக்கு எது எங்க இரிக்கெண்டு தெரியும்?"

றுஸ்தா எஞ்சினுக்குக் குனிந்தாள். முழங்கால் முனகியது. வயர் இருந்த போல்ட் வெறுமையாக இல்லை. நட்டும் வாசரும் திரும்பவும் ஒழுங்காகப் போடப்பட்டு, கையால் திருகி விடப்பட்டிருந்தன. நட்டின் மூலைகள் எல்லாம் பல் பதிந்து தேய்ந்திருந்தன. திரும்பிச் சுவரைப் பார்த்தாள். பெரிசு சிறிசு பார்த்து ஸ்பானர்கள் வரிசையாகத் தொங்கின.

"கேதீஸ், இதப் படம் எடு. ஸ்பானர் முழுக்கக் கைக்கெட்டுற தூரத்தில தொங்கக்குள்ள, குறட்டால கடிச்சுக் கழட்டியிரிக்கி."

"கோவத்தில வந்தவனுக்கு ஸ்பானர் தெரியுமா ராத்தா?"

"கோவத்தில வந்தவன் நட்டத் திருப்பிப் பூட்டிட்டுப் போவானா?"

கேதீஸ்வரி வாயை மூடிக்கொண்டு படம் எடுத்தாள். அது அபூர்வம்.

பிறகு றுஸ்தா ஓட்டுபவன் இருக்கும் பக்கம் வந்தாள். எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் லீவர் நடுவில் இறுகி நின்றது. இழுத்தாள், அசையவில்லை. அதிலிருந்து எஞ்சினுக்குப் போகும் கேபிளின் மேலுறை உருகி வழிந்திருந்தது. பக்கத்தில் சீற்றுத் துணி, தாள், ஒன்றிலும் ஒரு பொட்டுக் கருகல் இல்லை. லீவரைப் பிடித்து நிற்கும் இரும்புத் தகட்டில் நீல வயர் ஒன்று முறுக்கிச் சுற்றியிருந்தது. அதன் மற்ற நுனி கருகி அறுந்து கிடந்தது. மற்ற எல்லா ஏர்த் வயரும் கறுப்பு. ஒவ்வொன்றின் நுனியிலும் அழகாக வளையம் பிடித்திருந்தது.

"நெருப்பு இல்லாம வெந்திரிக்கி" என்றாள் றுஸ்தா. "அதோட, இந்த விமானத்தில ரெண்டு பேருடைய கை பட்டிரிக்கி. ஒரு கை கழட்டியிரிக்கி. ஒரு கை பூட்டியிரிக்கி."

"ரெண்டும் குணத்திட கைதான்" என்றான் ஜவாத்.

"இருக்கலாம், தம்பி."

சாய்ந்தமருதில் பழைய இரும்பு வாங்குகிற கடையில் தொடங்கினார்கள். கடைக்காரர் சத்தியம் பண்ணினார். செம்பு வந்து கண்டு மாதக்கணக்காகிவிட்டதாம். கேதீஸ்வரி தராசில் ஏறி நின்று தன் நிறையைப் பார்த்துவிட்டு, இந்தத் தராசு பொய் சொல்கிறது, இவரையும் நம்பவேண்டாம் என்றாள். றுஸ்தா நம்பினாள். நட்டைப் பூட்டிவிட்டுப் போகிற செம்புக் கள்ளனை அவள் கண்டதில்லை.

ஆஸ்பத்திரியில் ஸப்ரி காலைத் தூக்கிக் கட்டியபடி கிடந்தான். கண்கள் கூரையில் இருந்தன.

"அந்த நீல வயர் ஆரு பூட்டின தம்பி?" என்றாள் றுஸ்தா, இருக்க ஸ்டூல் கிடைத்த ஆறுதலோடு.

ஸப்ரி கூரையைப் பார்த்தபடியே சொன்னான். "நான்தான். படகுக்கு வாங்கின வயர். ரேடியோவில ஒரே இரைச்சல். லீவர்த் தகட்டுக்கு ஒரு ஏர்த் குடுத்தா இரைச்சல் போகுமெண்டு ஒருத்தன் செல்லித் தந்தான். குணம் வேணாமெண்டான். அதுதான் சண்ட. அவன் போன பொறகு நான் பூட்டிட்டன்."

"எஞ்சின் எப்பிடி ஸ்டாட் ஆகின?"

"கஸ்டப்பட்டுத்தான். மாடு மாதிரி இழுத்திச்சி. லீவரக் கொஞ்சம் கூட்டிக் குடுத்தன், எஞ்சின் புடிச்சிட்டு. மறுகா குறைக்கப் பாத்தன், லீவர் வரல்ல. சுவிச்ச ஓஃப் பண்ணினன் ராத்தா. வல்லாஹி, ஓஃப் பண்ணினன். அது நிக்கல்ல."

"காணாமப்போன வயர் எப்பிடி இருக்கும்?"

"பெருவிரல் மொத்தத்தில கறுத்தக் கேபிள். எஞ்சின் மூடியத் தொறந்து பாக்காம ஸ்டாட் பண்ணினது என்ட மடத்தனம்."

"குணம் செஞ்சிரிப்பானா?"

கூரையில் இருந்த கண்கள் இறங்கவில்லை. "தெரியா ராத்தா. ஒரே பீங்கான்ல சாப்பிட்ட நாங்க. ஆனா எனக்குத் தெரியா."

வெளியே வந்ததும் கேதீஸ்வரி, "கால் மட்டுமில்ல, வேற ஏதோவும் முறிஞ்சிருக்கு" என்றாள். றுஸ்தா ஓம் என்று தலையசைத்தாள்.

பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரி றுஸ்தாவைப் பழைய விபத்து வழக்குகளிலிருந்து அறிந்தவர். குணத்தைப் பின்பக்க அறைக்குக் கூட்டிவரச் சொன்னார். கசங்கிய சேட்டோடு வந்து உட்கார்ந்தவன் முதலில் கேட்டது, "அவன்ட கால் எப்பிடி?"

"பொருந்தும். குணம், எனக்கு மின்சாரம் விளங்காது. புள்ளைக்குச் சொல்ற மாதிரிச் சொல்லுங்க."

"கரண்ட் போனாத் திரும்பி வீட்டுக்கு வரவேணும் அக்கா. பெற்றரிதான் வீடு. காருக்கு உடம்பு முழுக்க இரும்பு, எந்தப் பக்கத்தாலயும் வந்து சேரும். இது பைபர். கரண்ட் போகாது. வழி போட்டாத்தான் வழி. அதுக்காகத்தான் எல்லா வழியும் ஒரே இடத்தில வந்து சேர யோசிச்சு யோசிச்சுப் போட்டன். எஞ்சின்ல இருந்து வாற ஏர்த்துப் பட்டிதான் பெரிய றோட்டு."

"அது இல்லாட்டி?"

"ஸ்டாட்டர் உசும்பாது. சத்தமே வராது. கெடுக்கிறவன் அதக் கழட்டினா ஒண்டும் நடக்காது அக்கா, பிளேன் சும்மா நிக்கும். இத நேத்துல இருந்து சொல்றன், கேக்க ஆளில்ல."

"ஆனா உசும்பியிருக்கே."

"அதுதான் எனக்கும் விளங்கல்ல."

றுஸ்தா நீல வயரைப் பற்றிச் சொன்னாள். குணத்தின் முகம் மாறியது. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"பூட்டிட்டானா? வேணாமெண்டு கத்தினனே! பெரிய றோட்டு இல்லாத நேரம் கரண்ட் முழுக்க அந்தச் சின்ன ஒழுங்கைக்குள்ள பூந்திருக்கும். எஞ்சின்ல இருந்து லீவர்க் கேபிள், கேபிள்ல இருந்து தகடு, தகட்டில இருந்து நீல வயர். அந்தக் கேபிள் தாங்குமா? உள்ளுக்க உருகி லீவர் இறுகிட்டு. பிறகு நீல வயரும் எரிஞ்சு அறுந்திருக்கும்."

"சுவிச் வேலை செய்யல்லயாமே?"

"எப்பிடிச் செய்யும்? இந்த எஞ்சின நிப்பாட்டுறதே ஏர்த் குடுத்துத்தான். சுவிச்ச ஓஃப் பண்ணினா இக்னிஷன் வயர் ஏர்த்தில படும், எஞ்சின் நிக்கும். எஞ்சினுக்கும் சுவிச்சுக்கும் நடுவில ஒரு ஏர்த்தும் மிஞ்சல்லயெண்டா, அது எதக் கேட்டு நிக்கும்?"

"எங்கட பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி" என்றாள் கேதீஸ்வரி. "தொடங்கினா நிப்பாட்ட வழியில்ல."

குணம் களைப்போடு ஒரு சிரிப்புச் சிரித்தான். றுஸ்தா கேட்டாள், "அந்தக் கறுத்தக் கேபிளுக்கு ஸப்ரி..."

"கறுத்தக் கேபிள் இல்ல அக்கா. அது முந்தி. எஞ்சின் ரப்பருக்கு மேல ஆடுற சாமான். விறைச்ச கேபிள் எண்டா நாளடைவில முறிஞ்சிடும். அதால வெள்ளிக்கிழமை பின்னேரம் மாத்திட்டன். மெல்லிய செம்புக் கம்பி பின்னின பட்டி. மாத்தி மூடியப் பூட்டவும் ரேடியோச் சண்டை வரவும் சரி. ஸப்ரிக்குக்கூடச் சொல்லல்ல."

"வேற ஆரும் கண்டாங்களா?"

"ஆரு காணுற? அவன் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தான்."

றுஸ்தா மேசையைப் பிடித்து எழுந்தாள். கண்டுபிடித்த மகிழ்ச்சி ஒன்றும் வரவில்லை. வேலையில் இருந்த காலத்திலும் அப்படித்தான். உண்மை பிடிபடுகிற நேரம் அவளுக்கு வீட்டுக்குப் போய்ப் படுக்கவேண்டும் போலிருக்கும்.

"ஜவாத்தானே?" என்றாள் கேதீஸ்வரி, ஸ்கூட்டரை முடுக்கியபடி. "பட்டறைக்குள்ள கையக் கட்டிட்டு நிண்ட நிலையிலயே எனக்குத் தெரியும். வாயத் திறந்தாக் குணம், குணம்."

"நிந்தவூருக்கு விடு புள்ள."

ஸம்ஸியா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். வீட்டில் ஜவாத்தும் இருந்தான். றுஸ்தா அவனை வெளியே அனுப்பவில்லை. எப்படியும் கேட்கவேண்டியவன்.

"தங்கச்சி, பட்டறைக்குள்ள நீங்க போறல்ல எண்டீங்க."

"ஓம்."

"ஜவாத் அதத் தடிச்ச வயர் எண்டாரு. உங்கட மாப்பிள கறுத்தக் கேபிள் எண்டாரு. வெள்ளிக்கிழமை பின்னேரம் குணம் அத மாத்தினது அவருக்கே தெரியா. நீங்க மட்டும்தான் அதச் செம்பு எண்டீங்க. சடை எண்டீங்க."

கேதீஸ்வரியின் கையில் தேநீர்க் கோப்பை அப்படியே நின்றது. ஜவாத் மதினியைத் திரும்பிப் பார்த்தான். ஸம்ஸியா மறுக்கவில்லை, அழவுமில்லை. எழுந்து அறைக்குள் போய், தையல் மெஷின் லாச்சியைத் திறந்து, துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். செம்புக் கம்பிகள் தலைமயிர்போல நெருக்கமாகப் பின்னிக் கிடந்தன.

"பறக்க அனுமதி இன்னும் வரல்ல ராத்தா. இவரு போன்ல ஆருக்கோ செல்லுறாரு, திங்கக்கிழமை விடிய வயல் றோட்டால ஓட்டி மேல எடுக்கப்போறாராம். ஒருத்தருக்கும் தெரியாம. கான்ல பெற்றோலும் வாங்கி வெச்சிட்டாரு. நான் கேட்டா, பொம்பிளைக்கு என்ன தெரியுமெண்டுவாரு. சனிக்கிழமை விடிய ஸுபஹுத் தொழுகைக்கு இவரு பள்ளிக்குப் போன நேரம் போய்க் கழட்டினன். குசினிக் குறட்டாலதான்."

"அததான் கழட்டவேணுமெண்டு எப்பிடித் தெரியும்?"

"குணம் அண்ணன் முந்தி ஒருக்கா, எஞ்சின் மூடி திறந்திருக்கக்குள்ள, என்னையும் கூப்பிட்டுக் காட்டினாரு. 'தங்கச்சி, இந்த ஒண்டு இல்லாட்டி இது பிளேன் இல்ல, தண்ணியில்லாத படகு' எண்டு. உசும்பாட்டி இவரு அவரத்தானே கூப்பிடுவாரு? ரெண்டு பேரும் கதைப்பாங்க, சண்டையும் தீரும், அவரு இவரத் தடுப்பாரு எண்டு நெனச்சன். திருப்பிப் பூட்டத்தானே இரிந்தன் ராத்தா. நட்டுத் துலையக்கூடாதெண்டு அதக்கூடப் போட்டு வெச்சன்."

"கண்டன்" என்றாள் றுஸ்தா. "கெடுக்க வந்த ஆள் நட்டப் பத்திக் கவலைப்படாது."

"உசும்பாது எண்டுதானே செல்லித் தந்தாரு? பொறகு எப்பிடி ராத்தா?"

றுஸ்தா நீல வயரின் கதையைச் சொன்னாள். சொல்லச் சொல்ல ஸம்ஸியா மெல்லத் தரையில் அமர்ந்தாள். அவள் கழட்டியதால் மட்டும் ஒன்றும் நடந்திராது. அவன் பூட்டியதால் மட்டும் ஒன்றும் நடந்திராது. ஒரே வீட்டுக்குள் இருந்த இரண்டு பேர், ஒருவருக்கொருவர் சொல்லாமல் செய்தது.

"அப்ப என்ட மாப்பிளய மௌத்தாக்கப் பாத்தது நான்தான்."

"அவர உசிரோட வெச்சிரிக்கத்தான் பாத்தீங்க. அதச் செல்ல வாய் வரல்ல, அவ்வளவுதான். ஆனா தங்கச்சி, இதுல ஒரு பங்கும் இல்லாத ஆள் உள்ள கிடக்காரு."

"அதுக்காகத்தானே உங்களக் கூப்பிட்டன்."

"என்னக் கூப்பிட்டா உண்மையும் கூட வருமெண்டு தெரியாதா?"

"தெரியும்" என்றாள் ஸம்ஸியா. இந்தமுறை அந்தச் சொல் முழுசாக வந்தது. "ஆரும் வந்து கேட்டாச் செல்லிடலாம் எண்டு பாத்தன். தானாச் செல்ல முடியல்ல."

ஜவாத் எழுந்து ஓட்டோவை வெளியே எடுத்தான்.

பொறுப்பதிகாரி எல்லாவற்றையும் கேட்டார். ஸம்ஸியா சொன்னதைத் தமிழில் எழுதவைத்தார். ஜவாத் முறைப்பாட்டை மீளப்பெறக் கையொப்பம் வைத்தான். அவளை என்ன செய்வீர்கள் என்று றுஸ்தா கேட்டதற்கு, கணவனிடமும் வாக்குமூலம் எடுக்கவேண்டும், அனுமதியில்லாமல் பறக்கப் பார்த்தவனைப் பற்றியும் எழுதவேண்டிவரும், பார்க்கலாம் என்றார். அவரும் களைத்த மனிதர்தான்.

பொழுதுபட, மஃரிபுத் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் குணத்தை வெளியே விட்டார்கள். விறாந்தையில் ஸம்ஸியா முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி எழுந்து நின்றாள். மன்னிப்புக் கேட்க ஒரு அடி முன்னால் வந்தாள். ஜவாத் தூணோடு ஒட்டி நின்று நிலத்தைப் பார்த்தான். உள்ளே எல்லாம் சொல்லியிருந்தார்கள். குணம் கோபிப்பான் என்று றுஸ்தா காத்திருந்தாள். கோபிக்க அவனுக்கு உரிமையும் இருந்தது.

அவன் ஸம்ஸியாவின் பக்கம் திரும்பினான்.

"அவன் அனுமதியில்லாமப் பறந்திடுவான் எண்டு எனக்கும் பயம்தான் தங்கச்சி. அந்தச் சண்டை ரேடியோவுக்காக மட்டுமா வந்த? நில்லுடா, இன்னும் சரிவரல்லடா எண்டு எத்தினை தரம் சொன்னன். என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, அத நானே கழட்டித் தந்திருப்பனே!"

அப்போதுதான் ஸம்ஸியா அழுதாள். விறாந்தைப் படியில் குந்தி, முக்காட்டுக்குள் முகத்தைப் புதைத்து, சத்தமாகவே அழுதாள். காவலில் நின்ற பொலிஸ்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

குணம் சேட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கேட்டான். "ஆஸ்பத்திரியில நோயாளி பாக்கிற நேரம் முடிஞ்சிருக்குமா?"

"இன்னும் இரிக்கி" என்றாள் றுஸ்தா. "கேதீஸ், இவரக் கொண்டுபோய் விட்டுட்டு வா."

கேதீஸ்வரி ஏதோ பகிடி சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு சொல்லாமல் தன் தலைக்கவசத்தைக் குணத்திடம் நீட்டினாள். ஸ்கூட்டர் வாசலைத் தாண்டி, வீட்டுக்குத் திரும்பும் சனத்துக்குள் மறைந்தது.

றுஸ்தா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியில் இறங்கி, ஸம்ஸியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.